ஒரே அட்டையில் இரண்டு உடம்பு

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சொன்ன ஒரு கதைக்கு நான் சிரித்தேன். அது பொய்ச் சிரிப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நீ ரயில் ஏறிப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “ஒரு போனைப் போட்டு சொல்லிட்டுப் போவாம, இன்னாத்துக்கு உக்காந்து எழுதிக்கினு கீறீங்க?” என்று உன் அம்மா கேட்கிறாள். போன் என்றால் ‘சாப்பிட்டியா’வில் ஆரம்பித்து ‘சரி, வெச்சிடறேன்’ என்பதில் முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகக் கம்பெனியில் பாதிப் பேருக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தவன் நான். எத்தனையோ பேருக்கு இல்லாத காய்ச்சலை எல்லாம் வரவழைத்திருக்கிறேன். இருக்கிற உண்மை ஒன்றை எழுத ஒரு வாரம் ஆகியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்துவிடாதே. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் படித்துக் காட்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். நீ உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினாய். டாக்டர் ஒரு மருந்தை எழுதும்போது, ‘இது இவருக்கு ஒத்துக்கொள்ளாது, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கம்ப்யூட்டரில் எச்சரிக்கை வருமே, அதுதான் உன் வேலை. எச்சரிக்கைகள் அளவுக்கு அதிகமாக வருகின்றன, டாக்டர்கள் சலித்துப்போய்ப் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள், அதனால் தேவையில்லாததை எடுத்துவிட ஒரு விதி எழுதியிருக்கிறோம், நாளை இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் அதைப் போட்டுப் பார்க்கப் போகிறோம் என்றாய். அந்த விதி எனக்குக்கூடப் புரிந்தது. ஒருவருக்கு ஒரு மருந்து ஆகாது என்று பழைய பதிவு இருக்கிறது. ஆனால் அதே வகை மருந்தை வேறொரு இடத்தில் சாப்பிட்டு அவர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். அப்படியானால் பழைய எச்சரிக்கை தப்பு, எடுத்துவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னாய். “நைனா, டேட்டால ஒரு ஆளு கீறாரு பாரு, செம காமெடி. பேரு ஊரு எதுவும் எங்களுக்குத் தெரியாது, வெறும் நம்பருதான். அவுருக்கு ரெண்டு பிளட் குரூப்பு! ஒரு வருஷம் அஞ்சடி அஞ்சு இஞ்சு, அடுத்த வருஷம் அஞ்சடி ஒம்போது. நடு வயசுல நாலு இஞ்சு வளந்துகீறாரு. பென்சிலின் ஊசி போட்டா சாவுற மாதிரி ஆயிட்டாருன்னு ஒரு பக்கம் கீது, அதே ஜாதி மாத்திரைய பல்லு வீக்கத்துக்கு சாப்ட்டு ஜம்முனு கீறாருன்னு இன்னொரு பக்கம் கீது. சரியான குப்ப டேட்டா.” நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அந்த அஞ்சடி அஞ்சு நான்தான், பாப்பா. அஞ்சடி ஒன்பது உன் தேவராஜ் பெரியப்பா.

அவர் பெயரை அவரிடம் கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் அவர் பாஸ். நான் கணக்கில் போய்விட்டேன். தமிழில் எனக்கு வந்த மார்க்கைச் சொன்னால் நீயே ஆச்சரியப்படுவாய், ஆனால் கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கிறவனுக்கு எதற்குத் தமிழ் மார்க்? இங்கே தொழிற்பேட்டையில் புதிதாக வந்த தொழிற்சாலையில் பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அண்ணனுக்கு லாரி மேல்தான் ஆசை, எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கிற வண்டிகளில் கிளீனராக ஏற்கெனவே ஏறிவிட்டார். “ஊட்டுல சும்மா தூங்கிகினு கீற சர்ட்டிபிகேட்டு, எடுத்துகினு போடா” என்று கொடுத்தார். அந்தக் காலத்துச் சான்றிதழில் போட்டோ கிடையாது. அங்க அடையாளம் மட்டும் எழுதியிருக்கும்: வலது முழங்காலில் ஒரு மச்சம். எனக்கு முழங்காலில் மச்சமே இல்லை. வேலைக்கு எடுத்த அதிகாரிக்குப் பேன்ட்டைத் தூக்கிக் காட்டச் சொல்ல நேரமில்லை. அன்றைக்கு நான் தேவராஜ் ஆனேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு பெயர், மற்ற ஆறு நாளும் வேறு பெயர். அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். வருகிற தை மாதம் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, ஆகவே எனக்கு ரிட்டையர்மென்ட். என் வயது ஐம்பத்தைந்துதான் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்ல பக்கத்து வீட்டு அக்காவோடு கம்பெனி வாசலுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவே இல்லை என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். நீ அங்கேயே உட்கார்ந்து அழுதாய். டீ குடிக்க வெளியே வந்தவன் ஒருவன் உன்னைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டு என்னைக் கூப்பிட்டான். வீட்டுக்குப் போகிற வழியில், என் பெயரில் ஏற்கெனவே ஒரு ஆள் இருப்பதால் கம்பெனி எனக்கு வேறு பெயர் கொடுத்திருக்கிறது என்றேன். சினிமாக்காரர் மாதிரியா என்று கேட்டுவிட்டு நம்பிவிட்டாய். எல்லோருக்கும் கம்பெனி மருத்துவ அட்டை இருக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை, நாம் மட்டும் ஏன் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் விடிகாலையிலேயே நிற்கிறோம் என்று பின்னாளில் கேட்டாய். அதற்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தேவராஜின் அட்டையில் உன்னையும் அம்மாவையும் எப்படி எழுதுவது? மற்றவன் பிள்ளை ஆகிவிடுவாயே. இந்த ஒன்றுக்காக உன் அம்மா என்னைத் திட்டாத வருஷம் கிடையாது. அவள் திட்டியது அத்தனையும் சரி.

நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. கம்பெனி மருந்தகத்தில் ஊசி போட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, உதடு தடித்தது, உடம்பெல்லாம் கொப்புளம், மூச்சு உள்ளே போக மாட்டேன் என்றது. செத்தே போனேன் என்றுதான் நினைத்தேன். வேறு ஊசி போட்டு, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள். ‘தேவராஜுக்கு இந்த மருந்து எக்காலத்திலும் கூடாது’ என்று அட்டையிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்றினார்கள். அப்புறம் எல்லோரும் ஆதார் நகல் தர வேண்டும் என்று வந்தது. நான் அண்ணனுடையதை வாங்கிக் கொடுத்தேன். என் உடம்புக்கு நடந்தது எல்லாம் அவர் எண்ணுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. நீங்கள் இரண்டு ஆளை ஒன்றாக்கிவிடவில்லை, பாப்பா. நாங்களே ஒன்றாக்கிக் கொடுத்தோம், உங்கள் கம்ப்யூட்டர் நம்பிவிட்டது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா கால் புண்ணோடு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். சின்ன வயசு டாக்டர், நல்ல பிள்ளை. ஒரு மருந்தை எழுதப் போனவர் கம்ப்யூட்டரைப் பார்த்து நிறுத்தினார். “உங்களுக்கு இது ஆகாதுன்னு வருதே, ஊசி போட்டு சீரியஸ் ஆயிட்டீங்களாமே?” என்று கேட்டார். அண்ணன் முழித்தார். “எனக்கு எதுவும் அப்டி ஆனதில்லயே சார், இன்னா பேஜாரா கீது” என்றார். எனக்கு ஊசி போட்ட கதையை அவரிடம் நான் சொன்னதே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். ‘அது நான் சார்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும், கேஸ் போடுவார்கள், நீ அப்போதுதான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன். ‘எதற்கு ரிஸ்க்’ என்று டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். புண் ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். முதல் மருந்தைக் கொடுத்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தப்பியிருக்காது என்றும் யாரும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று வருஷமாகப் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு எளாவூர் போனேன். லாரி ஓட்ட முடியாமல் போனதிலிருந்து பெரியப்பா அங்கே எடை மேடையில் சீட்டு எழுதுகிறார், உனக்குத்தான் தெரியுமே. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து காலைப் பார்த்தார். “அப்ப அன்னிக்கு டாக்டர் கேக்கறப்போ நீ பக்கத்துலதான் நின்னுகினு இருந்த?” என்றார். ஆமாண்ணா என்றேன். “வாயத் தொறக்கல?” தொறக்கலண்ணா என்றேன். எழுந்து போய்விட்டார். மூன்று லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுத்தார். நான் வெயிலில் நின்றேன். திரும்பி வந்து, “சக்கரைய ஏத்தி வெச்சிகினு திரிஞ்சது நானு. வெரலு போனதுக்கு நீதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லாம நின்ன பாரு, அத்த மறக்க மாட்டேன்டா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு, “கொயந்தகிட்ட சொல்லிட்டியா?” என்றார். இல்லை என்றேன். “மொதல்ல அத்தச் செய். அது எத்தன வருஷமா கண்ணு முழிச்சிப் படிச்சிகினு கீது, அதோட மிஷினு உன்னால தப்புச் சொல்லிச்சின்னா அது தாங்குமாடா? என் பேரு போட்டே எழுது, எனக்கு இன்னா வெக்கம். ஆனா நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிக்காத. போய் ரெண்டு டீ சொல்லு.” நான் போய் டீ சொன்னேன்.

இப்போது உன் விதியைப் பார். பெரியப்பா பல் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தார். அதை வைத்துத் திங்கட்கிழமை உன் கம்ப்யூட்டர் தேவராஜின் எச்சரிக்கையை எடுத்துவிடும். உண்மையான தேவராஜுக்கு அது சரிதான். ஆனால் நான் சொல்லாமலே இருந்துவிட்டால், தை மாதம் வரை கம்பெனி மருந்தகத்தில் தேவராஜ் என்று போய் நிற்கப் போகிறவன் நான். வாய் பேசுகிற நிலைமையில் இருந்தால் எனக்கு ஊசி ஆகாது என்று சொல்லிவிடுவேன். உருக்கு தெறித்து நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு போனால்? என் ஒருவனோடு போகிற விஷயமும் இல்லை. புதன்கிழமை கேன்டீனில் பழைய ஆட்கள் நாலு பேரிடம், நம்ம கார்டில் இருக்கிற ஆள் நாமதானா என்று வேடிக்கை மாதிரிக் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் சிரித்தான். இரண்டு பேர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நாலாவது ஆள் கை கழுவுகிற இடத்தில் என்னிடம் வந்து, “என் கார்டு எங்க மச்சான் பேர்ல கீதுபா. எனக்கு சக்கர, அவனுக்குக் கெடையாது. நான் இத்த யாருகிட்ட போய் சொல்றது?” என்றான். அவன் கேட்டதை உன்னிடம் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் நான் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். எங்களிடம் வார்த்து எடுக்கிற ஒவ்வொரு உருப்படியிலும் எந்த உலையில் எப்போது உருக்கியது என்று ஒரு எண் அடிப்போம். ஒரே எண்ணில் இரண்டு உருப்படி வந்து, ஒன்று கெட்டியாகவும் ஒன்று நொய்வாகவும் இருந்தால் நாங்கள் இரண்டையும் குப்பையில் போட மாட்டோம், இரண்டையும் கூட்டிச் சராசரியும் பார்க்க மாட்டோம். ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, எண் அடித்தவன் யார் என்று தேடிப் போவோம். இரும்பு பொய் சொல்லாது, எண் அடிக்கிற கை தவறிப்போகும். உன் டேட்டாவில் ஒருவருக்கு இரண்டு ரத்த வகை வந்தால், எச்சரிக்கையை எடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லி அந்த விதியில் ஒரு வரி சேர்க்க முடியாதா? இவர் ஒரு ஆள்தானா, போய்க் கேள் என்று நர்ஸிடம் சொல்லும்படி செய்ய முடியாதா? கேட்பது கம்பெனி ஆபீஸ்காரராக இருந்தால் ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் கேட்க வேண்டும். சொல்வது மருந்துக்கு மட்டும்தான், வேலைக் காகிதத்துக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. நான் அவ்வளவு கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த டாக்டர் பிள்ளையிடம் எச்சரிக்கை காட்டிய கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. யாரோ உன்னை மாதிரி ஒரு பிள்ளை உட்கார்ந்து யோசித்துச் செய்தது அது. பொய்யை ஊட்டினால் அது என்ன செய்யும்? நம் பேட்டையில் வேலை செய்கிறவன் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று கணக்கெடுத்துப் பார்க்கக்கூட ஒரு ஆள் இல்லாத காலத்தைப் பார்த்தவன் நான். இன்றைக்கு என் பிள்ளை அதைப் பார்க்கிறாள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை நேரில் சொல்ல வராது என்பதால் இங்கேயே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதையாவது குப்பை என்று தள்ளப் போகும்போது ஒரு நிமிஷம் நில். அதற்குப் பின்னால் ஒருவன் ரசம் ஊற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான்.

இந்தக் கடிதத்தை இன்று, சனிக்கிழமை முடிக்கிறேன். நாளை சர்ச் முடிந்ததும் அம்மாவும் நானும் ரயிலில் வந்து உன் கையில் கொடுத்துவிடுகிறோம். திங்கட்கிழமை காலையில் கம்பெனி ஆபீஸில் மேனேஜரைப் பார்த்து நானே சொல்லப் போகிறேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. தை வரை விடுவார்களோ, அன்றைக்கே வாசலைக் காட்டுவார்களோ. “எதுனா ஆவட்டும், இனிமே எங்க ஊட்டுக்காரரு பேரச் சொல்லி கேட் முன்னால நிக்கலாமில்ல” என்கிறாள் அம்மா. அவளுக்கு இந்த வாரம் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது, எனக்கும் பயத்தோடு பயமாகக் கொஞ்சம் பசிக்க ஆரம்பித்திருக்கிறது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை நேற்றே செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் மருந்தகத்துக்குப் போனேன். சிஸ்டர் மட்டும் இருந்தார். எப்போதும் போல, “வாங்க தேவராஜண்ணே, இன்னா உடம்புக்கு?” என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை, என் பெயர் அது இல்லை என்றேன். உட்காரச் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. ஆபீஸ் விஷயத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள், நான் மருந்து விஷயத்தை மட்டும் எழுதுகிறேன் என்று சொல்லிப் புது அட்டை ஒன்றை எடுத்தார். பெயர் கேட்டார். முப்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் என் பெயரை நான் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. எழுதினார். அதற்குக் கீழேயே, பென்சிலின் கூடாது என்று எழுதினார். அப்புறம் பழைய அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

“அப்ப தேவராஜுங்கறது யாருண்ணே?”

“எங்க அண்ணன்மா. அவுருக்கு அந்த மருந்து எல்லாம் ஒத்துக்கும், தாராளமா குடுக்கலாம்னு எழுதிக்க.”